திவானின் பேத்தி எங்கே போனார்?

பெங்களூர் ரிச்மண்டு ரோட்டில் 81-ம் எண் பங்களா. 1994-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி அதன் பின்புறத்தில் போலீசார் கூடியிருந்தனர். வீடியோ படம் பிடிப்பவர் ஒரு பக்கம் நின்றார். டாக்டர் ஒரு பக்கம் நின்றார். கல் பாவிய தரையைப் பெயர்த்தார்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் இறங்கின. மண்ணுக்கு அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி இருந்தது. பெட்டிக்குள் மெத்தை. மெத்தையின் மேல் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு!

ஐதராபாத்துக்குப் போயிருக்கிறார், அமெரிக்காவுக்குப் போயிருக்கிறார் என்றெல்லாம் மூன்று ஆண்டாகச் சொல்லப்பட்டு வந்த ஷாகிரா கலீலி, தன் வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை.

பெங்களூரில் வெகு நாள் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த வழக்கைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். அநேகமாக, "பெரிய இடத்துப் பெண் கெட்டுப் போனாள், அழிந்தாள்" என்றுதான் கதையை ஆரம்பிப்பார்கள். கோர்ட்டுத் தீர்ப்புகளில் உள்ளதைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

பங்களாக்காரர்கள்

வெயிலுக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் கட்டிய ஊர்கள் நம் பக்கத்தில் பல உண்டு. உதகை, கோடைக்கானல், குன்னூர் எல்லாம் அப்படி வந்தவை. பெங்களூர் கன்டோன்மென்டும் அந்த வகைதான். அகலமான ரோடு, ஏக்கர் கணக்கில் தோட்டம், நடுவில் ஓட்டுக் கூரை பங்களா, பின்னால் வேலைக்காரர் குடியிருப்பு. மெட்ராஸ் கனதனவான்கள் சித்திரை, வைகாசியில் ஜாகையை இங்கே மாற்றிக்கொள்வார்கள்.

வைட்ஃபீல்டும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததே. 1882-ல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்குக் கொடுத்த நிலத்தில் உருவான ஊர் இது. அந்தச் சங்கத்தின் தலைவர் ஒயிட் துரையின் பெயர்தான் ஊருக்கு நிலைத்தது. ரிட்டயரான ரயில்வேக்காரர்களும் தந்தி இலாகாக்காரர்களும் தோட்டம் போட்டுக்கொண்டு இருந்தார்கள். இங்கிருந்த வேவர்லி விடுதிக்கு, பட்டாளத்து வாலிபராக இருந்த சர்ச்சில் விடுதிக்காரர் மகளைப் பார்க்க வந்தார் என்று உள்ளூரில் ஒரு கதை உண்டு. கதைதான். அவர் பெங்களூர் கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனதற்குத்தான் கணக்குப் புத்தகம் சாட்சியாக இருக்கிறது.

இப்படிப்பட்ட பங்களா சமூகத்தின் வழக்கம் ஒன்றே. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒருவர் வீட்டு விருந்துக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்பது மறுநாள் காலையில் ஊருக்கே தெரிந்துவிடும். கூப்பிடுவதை நிறுத்திவிட்டால் அந்த ஆள் செத்ததற்குச் சமம். ஷாகிரா விஷயத்தில் நடந்ததை விளங்கிக்கொள்ள இது முக்கியம்.

பெரிய வீட்டுப் பெண்

கிருஷ்ணராஜ சாகர் அணைக்குப் போய் பிருந்தாவன் தோட்டத்தைப் பார்க்காத தமிழர் பெங்களூரில் இருக்க முடியாது. அந்தத் தோட்டத்துக்குக் காரணமானவர் சர் மிர்ஜா இஸ்மாயில். 1926 முதல் 1941 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவான். நான்காம் கிருஷ்ணராஜ உடையாருடன் கூடப் படித்தவர். பிறகு ஜெய்ப்பூருக்கும் ஐதராபாத்துக்கும் திவானாகப் போனார். அவருடைய பாட்டனார் அலி அஸ்கர், பாரசீகத்திலிருந்து குதிரை வியாபாரத்துக்கு வந்து பெங்களூரில் நிலைத்தவர். அவர் பேரில் இன்றும் இங்கே ஒரு ரோடு இருக்கிறது.

இந்தக் குடும்பத்தின் பெண் வழிப் பேத்திதான் ஷாகிரா. கணவர் அக்பர் கலீலி, இந்திய வெளிநாட்டு சர்வீஸ் அதிகாரி. பல நாடுகளில் இந்தியாவின் தூதராக இருந்தவர். நான்கு பெண் குழந்தைகள். தூதரக விருந்துகள், நவாப் வீட்டு உறவுகள், தன் பேரிலேயே பெங்களூரின் மையத்தில் நிலபுலன்கள். குறையே இல்லாத வாழ்வு என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள்.

குறை நிலத்திலேயே இருந்தது. 1976-ல் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. அதன்படி பெங்களூரில் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய காலி நிலம் 1000 சதுர மீட்டர். நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால் 30க்கு 40 சைட் ஒன்பது போல வரும். அதற்கு மேல் இருப்பதற்குச் சர்க்காரிடம் கணக்குக் கொடுக்கவேண்டும், விலக்குக் கேட்கவேண்டும், வக்கீலைப் பார்க்கவேண்டும். ஏக்கர் கணக்கில் வைத்திருந்த பெரிய குடும்பங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் பைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தன. ஆபீஸ் படி ஏறிப் பழக்கமில்லாதவர்களுக்கு, ஏறி இறங்கத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஆசாமி வந்தார்

1983-ல் டில்லியில் கலீலி தம்பதிக்கு ஒருவர் அறிமுகமானார். பெயர் முரளி மனோகர் மிஸ்ரா. சுவாமி சிரத்தானந்தா என்றும் சொல்லிக்கொண்டார். ராம்பூர் நவாப் குடும்பத்தின் சொத்து விவகாரங்களைப் பார்த்துக்கொடுப்பவர், நிலச் சட்டங்களில் கெட்டிக்காரர் என்று அறிமுகம் செய்யப்பட்டார். நம் சொத்துகளையும் வந்து பார்த்துக்கொடுங்கள் என்று கேட்டார்கள். வந்தார்.

காவி, கமண்டலம், மடம், சிஷ்யர் கூட்டம் எதுவும் இவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் கையில் இருந்தது பைல்தான். சுவாமி என்ற பட்டம் வாசலைத் திறந்தது. நிலச் சட்டம் உள்ளே உட்கார வைத்தது. அந்தச் சமயத்தில் கணவருக்கு ஈரானில் உத்தியோகம். ஷாகிரா பெங்களூரிலேயே தங்கினார். ஆண் பிள்ளை இல்லையே என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது என்றும், அதற்கு வழி செய்வதாகச் சாமியார் ஆசை காட்டினார் என்றும் பின்னாளில் பத்திரிகைகள் எழுதின.

1985-ல் விவாகரத்து ஆயிற்று. 1986 ஏப்ரல் 17-ந் தேதி ஷாகிராவுக்கும் சிரத்தானந்தாவுக்கும் ஸ்பெஷல் மேரேஜ் சட்டப்படி பதிவுத் திருமணம் நடந்தது.

ஊர் கொதித்தது. திவானின் பேத்தி, தூதரின் மனைவி, நான்கு பெண்களின் தாய், வேறு மதத்துக்காரரை, அதுவும் கணக்கு வழக்குப் பார்க்க வந்த ஆசாமியைக் கட்டிக்கொள்வதா? உறவினர்கள் விலகினார்கள். சிநேகிதர்கள் போனை எடுக்கவில்லை. இதைத்தான் 'வீழ்ச்சி' என்று ஊர் சொன்னது.

அவர் செய்ததில் சட்ட விரோதம் ஏதுமில்லை. முறைப்படி விவாகரத்து. அந்தச் சட்டத்தின்கீழ் திருமணம் செய்ய 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்கவேண்டும்; அதை ஆபீஸ் பலகையில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். ஒளிவு மறைவு செய்கிறவர்கள் தேடிப் போகிற சட்டம் அல்ல அது. குழந்தைகளுக்கு மனவருத்தம் இருந்திருக்கும், உண்மை. புத்தியில்லாத காரியம் என்று சொல்லலாம். நம்பக்கூடாத ஆளை நம்பினார் என்று தாராளமாகச் சொல்லலாம். ஒழுக்கக் கேடு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

இரண்டு காகிதங்கள்

கல்யாணத்துக்குப் பிறகு ஷாகிரா தன் சொத்துகளை நிர்வகிக்கக் கணவருக்கு ஜெனரல் பவர் எழுதிக் கொடுத்தார். உயிலும் அவர் பேருக்கு எழுதினார். பாங்கிக் கணக்குகளும் லாக்கர்களும் இருவர் பேரிலும் வந்தன.

கோர்ட்டில் எதிரி தரப்பு இதையே தனக்குச் சாதகமாக வைத்து வாதாடியது. "எல்லாம்தான் எழுதிக் கொடுத்தாயிற்றே, கொல்லவேண்டிய அவசியம் என்ன?" என்று கேட்டது. கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பவர் கொடுத்தவர் நினைத்தால் நாளைக்கே அதை ரத்து செய்யலாம். உயிலையும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பிரிந்திருந்த மகள்கள் மறுபடி தாயாரிடம் வந்து சேர்ந்துகொண்டிருந்தால் காகிதம் எத்தனை நாள் தாங்கும்?

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. உயில், எழுதியவர் செத்தால்தான் பலிக்கும். பவர், கொடுத்தவர் உயிரோடு இருந்தால்தான் செல்லும். அவர் மூச்சு நின்ற நிமிஷமே அது வெறும் தாள். அது தவிர, கொன்றவனுக்குக் கொல்லப்பட்டவர் சொத்தில் பாத்தியதை கிடையாது. ஆகவே உயிலை வெளியே எடுக்க முடியாது. ஷாகிரா செத்திருக்கவும் வேண்டும், எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்ற பேச்சும் இருக்கவேண்டும். அந்தப் பேச்சு இருக்கும்வரை பவர் வேலை செய்யும். செய்தது. அவர் மண்ணுக்குள் போன பிறகும் அவருடைய பவரை வைத்துச் சொத்துகள் கைமாறின, பாங்கியில் பணம் எடுக்கப்பட்டது.

1991 மே 28

அந்த மே மாதத்தை பெங்களூர்த் தமிழர் யாரும் மறக்க முடியாது. 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்களில் தேடுதல் வேட்டை பெங்களூர் பக்கம் திரும்பியது. ஆகஸ்டில் கோணனகுண்டே வீட்டில் சிவராசனும் கூட இருந்தவர்களும் பிணமாகக் கிடந்தார்கள். வாடகைக்கு இருந்த தமிழர்களை, எந்த ஊர், என்ன வேலை, யார் சிபாரிசு என்று வீட்டுக்காரரும் கேட்டார், போலீசாரும் கேட்டார்கள். டிசம்பரில் காவிரிக் கலவரம் வேறு.

இப்படி ஊரெல்லாம் கதவைத் தட்டிக்கொண்டிருந்த வருஷத்தில், நகரத்தின் நடுவில் ஒரு பங்களாவில் ஒரு பெண் காணாமல் போனார். யாரும் கதவைத் தட்டவில்லை!

அரசுத் தரப்பு வழக்கு இது. முன்கூட்டியே ஒரு பெரிய மரப்பெட்டி செய்யப்பட்டது. ஆள் வைத்துக் குழி தோண்டப்பட்டது. மே 28-ந் தேதி ஷாகிராவை வேலைக்காரர்கள் கடைசியாக உயிரோடு பார்த்தார்கள். பிறகு அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பானத்தில் மயக்க மருந்து கலந்து கொடுத்து, மெத்தையோடு பெட்டியில் போட்டு, அதைக் குழியில் தள்ளி மூடி, மேலே கல் பாவிவிட்டார். மயக்கத்தில் இருந்தவர் உயிரோடு புதைக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. அதே வீட்டில், அந்தக் கல்லைத் தாண்டி நடந்துகொண்டு, சிரத்தானந்தா மூன்று ஆண்டு குடியிருந்தார்.

மகள் விடவில்லை

நான்கு மகள்களில் இரண்டாமவர் மட்டும் தாயாருடன் தொடர்பு வைத்திருந்தார். பம்பாயில் இருந்தார். போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வந்தது. ஐதராபாத் போயிருக்கிறார். கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். வருமான வரித் தொந்தரவு, அதனால் ஒதுங்கி இருக்கிறார். கடைசியில், கர்ப்பமாக இருக்கிறார், அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று பதில் வந்தது.

அந்தப் பெண் அமெரிக்க ஆஸ்பத்திரிக்கே விசாரித்துவிட்டார். அப்படி ஒரு நோயாளி இல்லை என்று பதில். பிறகு பம்பாயில் ஓர் ஓட்டல் அறையில் சிரத்தானந்தாவைப் பார்க்கப் போனபோது தாயாரின் பாஸ்போர்ட்டு கண்ணில் பட்டது. பாஸ்போர்ட்டு இங்கே இருக்கும்போது ஆள் மட்டும் எப்படி அமெரிக்கா போக முடியும்?

1992 ஜூனில் பெங்களூர் அசோக்நகர் போலீசில் புகார் கொடுத்தார். காணாமல் போனவர் கேஸ் என்று பதிவானது. அதற்கு மேல் நெடு நாள் நகரவில்லை. கணவனே சாவகாசமாக வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்லும்போது போலீசாரும் அதை ஒரு குடும்பத் தகராறாகவே எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

இங்கேதான் ஊர்ப் பேச்சு கொலைகாரனுக்கு உபயோகப்பட்டது. "அவள் அப்படித்தான், எங்கே போனாளோ" என்று ஒதுக்கி வைக்கப்பட்ட பெண்ணை யார் தேடுவார்கள்? விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் ஐந்தாறு பேர் இருந்திருந்தாலும், ஒரு மாதத்தில் "ஷாகிரா எங்கே?" என்ற கேள்வி எழுந்திருக்கும். புகார் வரவே ஒரு வருஷம் ஆகியிருக்காது.

1994-ல் கேஸ் மத்திய குற்றப் பிரிவுக்குப் போயிற்று. சாதாரண உடையில் போன ஒரு போலீஸ்காரர் வேலைக்காரரோடு சாராயக் கடையில் பழகி, அவர் வாயிலிருந்து பெட்டிக் கதையை வரவழைத்தார் என்று அன்றைய பத்திரிகைகளில் வந்தது. மார்ச் மாதக் கடைசியில் சிரத்தானந்தா கைதானார். புதைத்த இடத்தை அவரே காட்டிக்கொடுத்தார்.

எலும்புக்கூட்டோடு இருந்த நகைகளையும் உடையையும் குடும்பத்தாரும் வேலைக்காரியும் அடையாளம் காட்டினார்கள். மண்டையோட்டின் படத்தைப் போட்டோவோடு பொருத்திப் பார்த்தார்கள். மரபணுச் சோதனையும் நடந்தது. நேரில் பார்த்த சாட்சி ஒருவரும் இல்லாத வழக்கு, இப்படிச் சங்கிலி போலக் கோர்த்த சந்தர்ப்ப சாட்சியங்களிலேயே நின்றது.

தீர்ப்பு மேல் தீர்ப்பு

விசாரணை 11 ஆண்டு இழுத்தது. 2005 மே மாதம் பெங்களூர் செசன்ஸ் கோர்ட்டு தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு கர்நாடக ஐகோர்ட்டு உறுதி செய்தது. 2007-ல் சுப்ரீம் கோர்ட்டில் இரண்டு நீதிபதிகளும் குற்றவாளிதான் என்பதில் ஒத்துப்போனார்கள், தண்டனையில் பிரிந்தார்கள். நீதிபதி சின்கா ஆயுள் என்றார். நீதிபதி கட்ஜு தூக்கு என்றார். வழக்கு மூன்று நீதிபதிகளிடம் போயிற்று.

2008 ஜூலை 22-ந் தேதி வந்த தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் இடம் பிடித்தது. தூக்கு வேண்டாம் என்றது கோர்ட்டு. ஆனால் ஆயுள் தண்டனை என்றால் நடைமுறையில் 14 ஆண்டில் வெளியே வந்துவிடுகிறார்கள்; இந்தக் குற்றத்துக்கு அது போதாது; ஆகவே உயிர் உள்ளவரை சிறை, தண்டனைக் குறைப்பு கிடையாது என்று தீர்ப்பளித்தது. தூக்குக்கும் சாதாரண ஆயுளுக்கும் நடுவில் புதிதாக ஒரு தண்டனை பிறந்தது.

இந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்வி ஒரு தமிழர் வழக்கில்தான் மறுபடி வந்தது. ராஜீவ் வழக்கில் தண்டனை பெற்றவர்களை விடுதலை செய்யத் தமிழக அரசு 2014-ல் முடிவெடுத்ததை மத்திய அரசு எதிர்த்தது. ஸ்ரீகரன் என்கிற முருகன் பேரில் நடந்த அந்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் 2015 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னார்கள். தூக்குக்குப் பதிலாக, குறைப்பே இல்லாத சிறைவாசம் விதிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டா? உண்டு என்று மூவர், இல்லை என்று இருவர். சிரத்தானந்தா தீர்ப்பு நிலைத்தது.

பவர் பத்திரம்

கொலை ஒரு பக்கம் இருக்கட்டும். வைட்ஃபீல்ட், மாரத்தஹள்ளி, கடுகோடி பக்கம் சைட் வாங்கிய தமிழர்கள் இந்த வழக்கில் கவனிக்கவேண்டியது அந்த ஜெனரல் பவர்தான். ஊர் வளர்ந்த வேகத்தில் இங்கே எத்தனையோ மனைகள் பவர் மூலமாகவே கைமாறின. கிரயப் பத்திரம் இல்லை, பவர் பத்திரமும் ஓர் ஒப்பந்தமும் ஒரு ரசீதும்தான். பவர் கொடுத்த நிலச் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டவர்கள் குறைவு. புரோக்கர் இருக்கிறார் என்றால் இருக்கிறார்.

2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் கம்பெனி வழக்கில், இப்படிப் பவரை வைத்துச் செய்யும் விற்பனை நிலத்தின் உரிமையை மாற்றாது, பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் மாற்றும் என்று சுப்ரீம் கோர்ட்டு திட்டவட்டமாகச் சொன்னது. பழைய பவரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வரி மட்டும் கட்டிவருகிறவர்கள், கொடுத்தவர் இருக்கும்போதே கிரயம் செய்துகொள்வது நல்லது. கொடுத்தவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும்.

சிரத்தானந்தா பிறகு பெங்களூரிலிருந்து மத்தியப் பிரதேசச் சிறைக்கு மாற்றப்பட்டார். 2022 நவம்பரில் ராஜீவ் வழக்கில் மீதி இருந்த ஆறு பேரும் விடுதலையானார்கள். அவருடைய வக்கீல் சுப்ரீம் கோர்ட்டில் அதையே எடுத்துக் காட்டினார். அவர்களுக்கு விடுதலை கிடைத்தது, என் கட்சிக்காரருக்கு ஒரு நாள் பரோல்கூடக் கிடைக்கவில்லை, இது சமநீதியா என்று கேட்டார். 2024-ல் மறுபடியும் விடுதலை கேட்டார்கள். அப்போது அவர் எண்பதைத் தாண்டியிருந்தார், சிறையில் 30 ஆண்டு முடிந்திருந்தது. கோர்ட்டு இணங்கவில்லை.